வெள்ளவத்தை 'ஃப்ரீ மேசன்' லொட்ஜ், இலக்கம் ஒன்று

மனித குலத்தின் ஒழுக்கத்தைத் தூக்கி நிறுத்தும் பொறுப்பு காலத்துக்குக் காலம் ஏதாவதோர் ஊரின் தலையில் வந்து விழும். ஒரு காலம் ஏதென்ஸின் தலையில் விழுந்தது. பிறகு காசியின் தலையில் விழுந்தது. கடைசியாக வெள்ளவத்தையில், காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கமாக உள்ள ஒழுங்கையில், லிஃப்ட் ஒன்றுவிட்ட ஒருநாள் வேலை செய்கிற தொடர்மாடியொன்றின் நான்காம் மாடியில் விழுந்தது. அங்கேதான் திருவாளர் இராசரத்தினம் குடியிருந்தார். பொறுப்பு வந்து விழுந்தபோது அவர் சாய்மனைக் கதிரையில் கிடந்து மரண அறிவித்தல் வாசித்துக்கொண்டிருந்தார்.

இராசரத்தினம் சாமானியமான ஆள் இல்லை. அரசாங்கத் திணைக்களமொன்றில் முப்பத்தைந்து வருடம் கிழக்கு மேசைக் கோப்பை மேற்கு மேசைக்கு அனுப்பி நாட்டைச் சமநிலையில் வைத்திருந்து, பிரதிப் பணிப்பாளராக இளைப்பாறியவர். அந்த முப்பத்தைந்து வருடமும் அவரை எல்லோரும் 'சேர்' என்றார்கள். பியோன் 'சேர்' என்றார், கிளார்க் 'சேர்' என்றார், வாசலில் நின்ற காவல்காரர் காலை ஒன்றும் மாலை ஒன்றுமாகச் சல்யூட்டுடன் இரண்டு 'சேர்' தந்தார். இளைப்பாறிய மறுநாள் காலை பாண் வாங்கப் போனார். "அங்கிளுக்கு என்ன வேணும்?" என்றார் கடைக்காரர். மருந்துக்கடை டில்ஷானி சிங்களத்தில் 'அங்கிள்' என்றாள். தலை பஞ்சாக நரைத்த ஓட்டோக்காரர், இவரைவிட இரண்டு வயது மூப்பாகவும் இருக்கலாம், அவரும் 'அங்கிள்' என்றார். தேசிய நல்லிணக்கம் அந்த ஒரு சொல்லிலாவது பூரணமாக நிறைவேறியிருந்தது.

ஓய்வூதியம் மாதாமாதம் வந்தது, 'சேர்' வரவில்லை. மனிதர் உள்ளுக்குள் உடைந்துபோனார். மனைவி நாகேஸ்வரி "இஞ்சேருங்கோ" என்று கூப்பிடும்போது அதற்குள்ளே ஒரு 'சேர்' இருக்கிறதே என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்ட நாட்களும் உண்டு.

அன்றைய மரண அறிவித்தல் ஒரு முன்னாள் நீதிபதியினுடையது. பட்டங்கள் பத்து வரிக்கு ஓடின. கடைசி வரியில், 'ஃப்ரீ மேசன் லொட்ஜின் வணக்கத்துக்குரிய தலைவர்' என்றிருந்தது.

"நாகேஸ், இஞ்சை பாரும். 'வணக்கத்துக்குரிய' எண்டு போட்டிருக்கு."

"செத்துப்போனார் எண்டும்தான் போட்டிருக்கு," என்றாள் நாகேஸ்வரி, கீரை ஆய்ந்தபடி.

அறிவாளிகளை இப்படியான பேச்சுகள் தடுத்து நிறுத்திய சரித்திரம் இல்லை. இராசரத்தினம் அன்று பகல் முழுவதும் கைத்தொலைபேசியில் ஃப்ரீ மேசன்கள் என்ற வெள்ளைக்காரர்களின் இரகசியச் சகோதர சங்கத்தைப் பற்றிய காணொளி பார்த்தார். அது நாற்பது நிமிடம். இரண்டு தரம் பார்த்தார். மாலையில் அவர் ஃப்ரீ மேசனாகிவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய வீட்டு முன்னறையில் ஸ்தாபகர் கூட்டம் நடைபெற்றது. சமுகமளித்தோர் மூவர். ஒருவர் இராசரத்தினம். மற்றவர் புதுக்கடை நீதிமன்றங்களில் நாற்பது வருடமாகத் தவணை வாங்கிவரும் சட்டத்தரணி நவரத்தினம். மூன்றாமவர் கொட்டாஞ்சேனையில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் றவூப் ஹாஜியார். லொட்ஜின் நிலம் கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரம் சதுரமாக இருக்கவேண்டும் என்று இராசரத்தினம் வாசித்ததும் ஹாஜியாரின் முகத்தில் ஒரு தெய்வீக ஒளி படர்ந்தது.

"அந்த டிசைன் ரெண்டு வருஷமா வெலப்படாம என்ட ஸ்டோர்ல கெடக்கு," என்றார். "அல்லாஹ் எல்லாத்துக்கும் ஒரு நேரம் வெச்சீக்கிறான்."

ஆள் மூன்று, பதவி ஒன்பது. தலைக்கு மூன்றாகப் பிரித்தார்கள். பதவிப் பிரச்சினை இவ்வளவு நீதியாகத் தீர்க்கப்பட்ட வேறு சங்கம் இலங்கையில் இல்லை. நவரத்தினம் ஒரு கிழமையில் யாப்பு எழுதிவந்தார். அதன் முதலாம் வாசகம், 'மனிதர் அனைவரும் சகோதரர்' என்பது. மிச்சம் நூற்றுப் பதினொரு வாசகங்களும் அதற்கான விதிவிலக்குகள்.

அங்கீகாரம் கேட்டு இங்கிலாந்துக்கு மின்னஞ்சல் அனுப்பினார்கள். ஆச்சரியம், நான்கு விநாடியில் பதில் வந்தது. 'உங்கள் மின்னஞ்சல் கிடைத்தது. நன்றி. இது தானியங்கிப் பதில்.' வெள்ளைக்காரனுடைய சுறுசுறுப்பே சுறுசுறுப்பு என்று வியந்து, அதை அச்செடுத்து, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்கள். அதுதான் இன்றும் அந்த லொட்ஜின் அதிகாரப் பத்திரம்.

சடங்குகளும் குறைவில்லை. ஆட்டுத்தோல் ஏப்ரனுக்குப் பதில் நாகேஸ்வரியின் சமையல் ஏப்ரன், ஸ்ட்ரோபரிப் படம் போட்டது. இரகசியக் கைகுலுக்கல் உண்டு. நவரத்தினத்துக்கு மூட்டுவாதம் என்பதால் அவர் இரகசியமாகத் தலையாட்டினால் போதும். மனைவிமாரிடம் எதையும் வெளியிடுவதில்லை என்ற பயங்கரமான சத்தியமும் செய்தார்கள். நாகேஸ்வரி வடைத் தட்டோடு உள்ளே வரும்போது மட்டும் இரகசியம் தற்காலிகமாக இடைநிறுத்தப்பட்டது.

ஒரேயொரு குறை. எவ்வளவு சொல்லிக்கொடுத்தும் 'வணக்கத்துக்குரிய தலைவர் அவர்களே' என்பது மற்ற இருவருடைய வாயிலும் நிற்கவில்லை. ஹாஜியார் அதை 'வணக்கத்துக்குரிய' என்று சுருக்கினார். நவரத்தினம் மேலும் சுருக்கி 'வணக்கம்' என்றார். இராசரத்தினமும் மரியாதைக்குத் திருப்பி 'வணக்கம்' என்றார். கூட்டம் முழுக்க வணக்கம் வைத்தே நேரம் போயிற்று.

பிறகு பலகை மாட்டினார்கள். தொடர்மாடியின் மொட்டைமாடியில், உடுப்புக் காயப்போடும் கொடிகளுக்கு அப்பால் வெறுமையாகக் கிடந்த மண்டபம் லொட்ஜுக்குக் கிடைத்திருந்தது. கீழே நுழைவாயிலில் மூன்று மொழியிலும் பலகை. 'ஃப்ரீ மேசன் லொட்ஜ். விசாரணைகளுக்கு நான்காம் மாடி.'

வெள்ளவத்தையில் 'லொட்ஜ்' என்றால் என்ன என்பது வடக்கிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கும் எவருக்கும் தெரியும். மறுநாள் விடியவே கதவு தட்டப்பட்டது. வவுனியாவிலிருந்து ஒருவர், கையில் பயணப் பை.

"ரெண்டு நாளைக்கு ஒரு ரூம் வேணும். பாஸ்போட் அலுவல்."

"இது அந்த லொட்ஜ் இல்லை. இது உள்ளத்தைக் கட்டியெழுப்பிற லொட்ஜ்."

"பரவாயில்லை. பத்ரூம் தனியவோ?"

அவரை அனுப்பிவிட்டுத் திரும்பினால், பாமன்கடையிலிருந்து பாக்கியலெட்சுமி என்ற அம்மா மூச்சிரைக்க நிற்கிறார்.

"மேசன் ஃப்ரீயெண்டு போட்டிருக்கு. என்ரை பத்ரூம் ஆறு மாதமா ஒழுகுது. எப்ப வருவியள்?"

"அம்மா, நாங்கள் அந்த மேசன் இல்லை."

"அப்ப எந்த மேசன்? பிளம்பரோ?"

ஒரு கிழமைக்குள் முப்பத்தேழு பேர் வந்துவிட்டார்கள். வெடித்த சுவர், ஒழுகிய கூரை, கிளம்பிய டைல்ஸ் எல்லாவற்றினதும் படங்கள் இராசரத்தினத்தின் தொலைபேசிக்கு வந்து குவிந்தன. மனித குலத்தின் ஒழுக்கம் ஒருபக்கம் இருக்க, வெள்ளவத்தையின் பத்ரூம்கள் இந்தக் கதியில் இருப்பது அவருக்கு அன்றுதான் தெரியவந்தது.

பதினோராம் நாள் ஒருவர் படியேறி வந்தார். லிஃப்ட் வேலை செய்கிற நாள்தான். ஆனால் லிஃப்டுக்குப் பக்கத்தில், 'வேலையாட்கள் படியைப் பாவிக்கவும்' என்று ஓர் அறிவித்தல் உண்டு. வந்தவர் பெயர் ரிம்ஸான். முகத்துவாரத்து மேசன், வெள்ளவத்தைப் பக்கம் வேலை செய்யும் மேசன்மார் சங்கத்தின் செயலாளர். பாக்கியலெட்சுமி போன்றோர் இலவச மேசனை நம்பி அவருடைய ஆட்களை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். கடும் கோபத்தில் வந்திருந்தார்.

"ஃப்ரீயா மேசன் வேல செய்யிறது நீங்கதானா? நாங்க நாட்கூலிக்குப் போறவங்க. எங்கட வயித்துல அடிக்கிறது சரியா, சேர்?"

இராசரத்தினத்துக்கு வயிறும் கேட்கவில்லை, கூலியும் கேட்கவில்லை. கடைசிச் சொல் மட்டும் கேட்டது.

"இன்னொருக்காச் சொல்லும்."

"இது சரியா, சேர்?"

"அவசரமில்லை. ஆறுதலாச் சொல்லும்."

"இது... சரியா... சேர்?"

இராசரத்தினத்தின் கண் கலங்கியது. இதில் பகிடி இல்லை, உள்ளபடியே கலங்கியது. இரண்டு வருடமும் நாலு மாதமும் காய்ந்து கிடந்த மனிதர் அவர். ரிம்ஸானைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்து இருக்கச் சொன்னார். ரிம்ஸான் தன்னுடைய சீமெந்து படிந்த களிசானையும் கதிரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நின்றபடியே இருந்தார்.

"நாங்கள் கல்லாலை கட்டுற மேசன் இல்லை, ரிம்ஸான். மனுசரைக் கட்டுற மேசன்."

"மனிசரயா? என்னத்தால சேர்?"

"ஒழுக்கத்தாலை."

ரிம்ஸான் யோசித்தார். பிறகு சுவரில் மாட்டியிருந்த லொட்ஜின் சின்னத்தைப் பார்த்தார். பித்தளை மூலைமட்டம், நேர்மைக்கு அடையாளமாக ஹாஜியார் செய்வித்துத் தந்தது. பையிலிருந்து தன்னுடைய மூலைமட்டத்தை எடுத்து அதன்மேல் வைத்துப் பார்த்தார்.

"இது தொண்ணூறு பாகை இல்ல, சேர். தொண்ணூத்திரெண்டு ஈக்கி."

நேர்மை இரண்டு பாகை கூடிவிட்டதென்று இராசரத்தினம் சமாளித்தார். ரிம்ஸானுக்கு அது கேட்கவில்லை. அவர் பக்கத்தில் ஒட்டியிருந்த யாப்பின் முதலாம் வாசகத்தையும் கீழே சட்டத்தரணி நவரத்தினம் என்றிருந்ததையும் எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தார்.

"மனிதர் அனைவரும் சகோதரர். அப்ப உள்ள வந்தா எல்லாரும் சகோதரரா, சேர்?"

"ஓம்."

"லோயர் சேரும் நானும்?"

"ஓம்."

"லிஃப்ட்டுல வரலாமா?"

"சகோதரர்மார் லிஃப்டிலைதான் வரவேணும்."

ரிம்ஸான் மூலைமட்டத்தைப் பைக்குள் வைத்தார். "இருவத்திரெண்டு வருஷமா இந்தப் பக்கத்து ஊடு எல்லாத்துலயும் வேல செஞ்சீக்கிறன்," என்றார். "எங்கயும் கதிரையில குந்தச் செல்லி ஆரும் செல்லல்ல. சீமெந்து ஒட்டும் எண்டு நிலத்துல பேப்பர் விரிப்பாங்க. நானும் சேரட்டுமா, சேர்?"

நல்ல மனிதன் ஒருவன் இப்படிக் கேட்டால் யாருக்குத்தான் மறுக்க வாய் வரும்? யாப்பின் நாற்பத்தேழாம் வாசகத்துக்குத்தான் வந்தது. விண்ணப்பதாரர் நான்கு மாதம் 'தகுதிகாண் காலத்தில்' இருந்து தம்முடைய சேவையை நிரூபிக்கவேண்டும் என்றது அது. மற்ற விண்ணப்பதாரர்கள் சேவையை நிரூபிக்கத் தேநீருக்குப் பால்மாப் பெட்டி கொண்டுவந்தார்கள், அவர்களுடைய நான்கு மாதம் அன்றைக்கே நிறைவடைந்ததாகக் கணிக்கப்பட்டது. ரிம்ஸானுக்குத் தெரிந்த சேவை ஒன்றுதான்.

இங்கேதான் லொட்ஜின் பொற்காலம் தொடங்குகிறது. நாட்கூலி வேலை முடிந்த பின்னேரங்களிலும் ஞாயிறுகளிலும் ரிம்ஸான் தூக்குக்குண்டோடும் மேசன் கரண்டியோடும் வந்தார். மொட்டைமாடி மண்டபத்தில் காணொளியில் இருந்தபடியே இரண்டு தூண் எழுப்பினார். ஹாஜியாரின் கறுப்பு வெள்ளை டைல்ஸைப் பதித்தார். பிறகு, லொட்ஜின் பெயரால், வரிசையில் நின்ற முப்பத்தேழு பேரின் வீடுகளுக்கும் ஒவ்வொன்றாகப் போனார். லொட்ஜின் பெயரால் போனால் சங்கத்தோடு பிரச்சினை வராதா என்று கேட்டதற்கு, "என்ட சகோதரர்மாருக்குச் செய்யிறன் எண்டு சங்கத்துல செல்லீட்டன்," என்றார்.

ரிம்ஸான் பூசிய இடம் ஒழுகவில்லை. புகழ் பரவியது. பத்ரூம் ஒழுகுவது நின்றவர்கள் நன்றிக்கடனாக உறுப்பினரானார்கள். ஒழுகிக்கொண்டிருந்தவர்கள் முன்யோசனையாக உறுப்பினரானார்கள். டொக்டர்கள் வந்தார்கள், கணக்காளர்கள் வந்தார்கள், இளைப்பாறிய வங்கி முகாமையாளர்கள் கூட்டமாக வந்தார்கள். பாமன்கடையில் பாக்கியலெட்சுமியின் பத்ரூமை இராசரத்தினம் நாடா வெட்டித் திறந்துவைத்து, மாலை போட்டுக்கொண்டு, 'கட்டியெழுப்புதல்' என்ற தலைப்பில் முக்கால் மணிநேரம் உரையாற்றினார். களிசானில் பூச்சு காயவில்லை என்பதால் ரிம்ஸான் வெளியே நின்று கேட்டார்.

புதியவர்களைச் சேர்ப்பதற்கு இரகசிய வாக்கெடுப்பு. சம்மதத்துக்கு வெள்ளைக் குண்டு, எதிர்ப்புக்குக் கறுப்புக் குண்டு, ஒரு கறுப்பு விழுந்தாலும் ஆள் இல்லை என்பது மரபாம். குண்டுக்கு எங்கே போவது? வெள்ளைக்குக் கஜுப் பருப்பும் கறுப்புக்குப் பேரீச்சம்பழமும் ஹாஜியார் கொண்டுவந்தார். ஒன்றைப் பெட்டியில் போட்டு மற்றதை வாயில் போட்டுவிட்டால் சாட்சியமே இருக்காது என்று நவரத்தினம் சட்டரீதியாக விளக்கினார். முதல் வாக்கெடுப்பில் மிகச் சிறந்த மூன்று டொக்டர்கள் தோற்றுப்போனார்கள். விசாரித்ததில் அவர்கள்மேல் யாருக்கும் குறை இல்லை. கஜு விற்கிற விலைக்கு அதைப் பெட்டியில் போட யாருக்கும் மனம் வரவில்லை. பிறகு தின்பதற்கென்று தனித் தட்டில் கஜு வைப்பதாக யாப்பைத் திருத்தினார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் தோற்கவில்லை.

இப்படி அறுபத்தொரு உறுப்பினர் சேர்ந்த நிலையில் ரிம்ஸானுடைய நான்கு மாதம் நிறைவடைந்தது. வாக்கெடுப்புக்கு முதல்நாள் இராசரத்தினம் மொட்டைமாடிக்குப் போனார். ரிம்ஸான் தூணுக்குக் கடைசிப் பூச்சுப் பூசிக்கொண்டிருந்தார்.

"நாளைக்குப் பிறகு என்னை என்னெண்டு கூப்பிடுவீர், ரிம்ஸான்?"

"யாப்புல ஈக்கிற மாதிரித்தான். 'சகோதரர்' எண்டு."

"பழக்கதோஷத்திலை 'சேர்' எண்டு வாயிலை வந்தால் நான் பிழையா எடுக்கமாட்டன்."

"சே, வராது சேர்." ரிம்ஸான் வெட்கத்தோடு சிரித்தார். "ஊட்டுல கண்ணாடிக்கு முன்னால நிண்டு செல்லிச் செல்லிப் பழகீட்டன். சகோதரர் இராசரத்தினம். சகோதரர் நவரத்தினம். இனிச் சேர் எண்டு வரவே வராது."

இராசரத்தினம் அன்று இரவு கணக்குப் பார்த்தார். அறுபது பேர் அவருக்கு வணக்கம் சொல்கிறார்கள். தெரு முழுக்க 'அங்கிள்' என்கிறது. இந்தப் பரந்த கொழும்பு மாநகரில் அவரைச் 'சேர்' என்று கூப்பிட மிஞ்சியிருப்பது ஒரேயொரு மனுசன். அந்த மனுசனை நாளைக்குத் தன்னுடைய கையாலேயே சகோதரனாக்கவேண்டும். மனித குலத்துக்காக இதைவிடப் பெரிய தியாகத்தை எவரிடமும் கேட்கமுடியாது. அவரும் அது பெரிய தியாகம் என்று ஒப்புக்கொண்டார்.

மறுநாள் பின்னேரம், சரியாக நாலு மணி. அறுபத்தொரு பேரும் ஏப்ரன் கட்டிக் கறுப்பு வெள்ளை நிலத்தில் அமர்ந்தார்கள். ஹாஜியார் பிரேரிக்க, நவரத்தினம் ஆமோதித்தார். பெட்டி சுற்றி வந்தது. கடைசியாகத் தலைவரிடம் வந்தது. இராசரத்தினத்தின் வலது கையில் கஜு, இடது கையில் பேரீச்சம்பழம். அவர் கண்ணை மூடி மனித குலத்தை ஒருகணம் தியானித்தார். பிறகு கஜுவை வாயில் போட்டார்.

பெட்டி திறக்கப்பட்டது. கஜு அறுபது, பேரீச்சம்பழம் ஒன்று.

மண்டபம் அமைதியானது. அந்த அமைதியில் கஜு கடிபடுகிற சத்தம் நன்றாகவே கேட்டது. எல்லோரும் சத்தம் வந்த பக்கம் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, இரகசிய வாக்கெடுப்பின் புனிதம் கருதிக் கூரையைப் பார்த்தார்கள்.

"மீள்வாக்கெடுப்புக்கு ஆரும் பிரேரிக்கிறியளோ?" என்று நவரத்தினம் கேட்டார். "யாப்பிலை இடமிருக்கு."

அறுபது படித்த மனிதர்கள் யோசித்தார்கள். அதற்குள் நாகேஸ்வரி வடைத் தட்டோடு வந்துவிட்டாள்.

"இஞ்சேருங்கோ, வடை ஆறுது."

பிரேரணை எதுவும் வரவில்லை. வடை ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

ரிம்ஸான் வெளியே காத்திருந்தார். புதிதாகத் தைத்த வெள்ளைச் சேர்ட். வாழ்க்கையில் முதன்முதலாக அந்தக் கட்டடத்தின் லிஃப்டில் ஏறி வந்திருந்தார். இராசரத்தினம் அவருடைய தோளில் கை வைத்தார்.

"ஒண்டே ஒண்டு எதிரா விழுந்திட்டுது, ரிம்ஸான்."

"ஆர் போட்டது, சேர்?"

"அது இரகசியம். நாங்கள் சத்தியம் செய்தனாங்கள்."

ரிம்ஸான் கதவிடுக்கால் உள்ளே பார்த்தார். தூண்கள் இரண்டும் நூல் பிடித்தாற்போல் நேராக நின்றன. "சரி, சேர்," என்றார். பிறகு லிஃப்டைக் கடந்து படிப்பக்கமாகப் போனார்.

லொட்ஜ் இன்றும் ஓங்கி வளர்கிறது. கொட்டாஞ்சேனையில் கிளை திறந்தாயிற்று. 'ஃப்ரீ மேசன்' என்றால் என்ன என்று கீழே பலகையைப் பார்த்துவிட்டு இன்னமும் சனங்கள் கேட்கிறார்கள். விளக்கம் இதுதான். நான்கு மாதம், முப்பத்தேழு வீடு, இரண்டு தூண், ஒரு சதம் கூலி இல்லை. ஆக அந்த லொட்ஜுக்கு வாய்த்த ஒரேயொரு ஃப்ரீ மேசன் ரிம்ஸான்தான். மற்றவர்கள் உறுப்பினர்கள்.

அந்த மனுசன் நான்கு மாதமாக வாய் திறந்தபோதெல்லாம் 'சேர்', 'சேர்' என்றுதான் கேட்டார். அறுபத்தொரு பேரின் படித்த தமிழ்க் காதுகளில் ஒன்றுக்காவது அது தமிழில் கேட்கவில்லை.